தெர்மாகோல் ஒன்றே மூன்றுக்கும் போதுமா?

கேள்வி இது: "மேல்தளத்தில் ஒரு சின்ன அறை. பகலில் சூடு தாங்கவில்லை. பக்கத்து அறைப் பேச்சும் அப்படியே காதில் விழுகிறது. சுவரிலும் கூரையிலும் 50 மி.மீ. தெர்மாகோல் ஒட்டலாம் என்று இருக்கிறேன். அது வெப்பத்தைக் கடத்தாது, மின்சாரத்தைக் கடத்தாது. அப்படியென்றால் சத்தத்தையும் கடத்தாதுதானே? சுவரில் ஓடும் வயர்களின் மேலேயே ஒட்டிவிட்டால் அவற்றுக்கும் கூடுதல் பாதுகாப்பு. ஒரே பொருளில் மூன்று வேலை முடியும். சரிதானா?"

4 பிப்ரவரி, இரவு

மூன்றில் ஒன்றுதான் சரி. சூடு குறையும். சத்தம் குறையாது. வயர் விஷயத்தில் நீங்கள் நினைப்பதற்கு நேர் எதிராக நடக்கும். அதை மட்டும் இன்றே சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

வயர்மேல் தெர்மாகோல் படவே கூடாது. பி.வி.சி. இயல்பில் விறைப்பான பொருள். வயர் உறை வளைய வேண்டும் என்பதற்காக அதில் எண்ணெய் போன்ற ஒன்றைக் கலக்கிறார்கள். பிளாஸ்டிசைசர் என்று பெயர். தெர்மாகோல் தொட்டுக்கொண்டே இருந்தால் அந்த எண்ணெய் மெல்ல மெல்ல உறையைவிட்டு வெளியேறித் தெர்மாகோலுக்குள் போகும். சில வருடங்களில் வயர் உறை விறைத்து, வளைத்தால் வெடிக்கும் நிலைக்கு வந்துவிடும். தெர்மாகோலும் அந்த இடத்தில் கரைந்து பள்ளமாகும். வெப்பக்காப்பு மின்காப்பைத் தின்றுவிடும், அவ்வளவுதான்.

இன்னொன்று. வயரில் மின்சாரம் ஓடினால் சூடு உண்டாகும். அது வெளியே போயாக வேண்டும். நாலு பக்கமும் வெப்பக்காப்பு மூடிய வயர் தாங்கும் மின்னோட்டத்தைப் பாதியாகக் கணக்கிட வேண்டும் என்பதுதான் வயரிங் விதிகளில் உள்ள நடைமுறை. சாதாரண பி.வி.சி. உறைக்கு 70 டிகிரி செல்சியஸ்தான் எல்லை.

5 பிப்ரவரி

நேற்று அவசரத்தில் எழுதினேன். இன்று நிதானமாக.

குழப்பம் சொல்லிலேயே இருக்கிறது. மூன்றுக்கும் "காப்பு" என்கிறோம். பள்ளியில் "கடத்தாப் பொருள்" என்று படித்தோம். அதைவிட "அரிதிற்கடத்தி" என்ற பழைய பாடநூல் சொல் எனக்குப் பிடிக்கும். முழுக்கக் கடத்தாத பொருள் எதுவும் கிடையாது என்பதை அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. ஆனால் எதை அரிதாகக் கடத்துகிறது என்று கேட்காமல் விட்டால் அதுவும் ஏமாற்றும்.

வைரத்தைப் பாருங்கள். செம்பின் வெப்பக் கடத்துத்திறன் சுமார் 400. நல்ல வைரத்துக்கு 2000. (அலகு எல்லா இடத்திலும் ஒன்றுதான்: மீட்டருக்கு, கெல்வினுக்கு, இத்தனை வாட். இனி எண்ணை மட்டும் எழுதுகிறேன்.) வெப்பத்தை இத்தனை வேகமாகக் கடத்தும் வைரம் மின்சாரத்தைக் கடத்தாது. உலோகத்தில் இரண்டையும் சுமப்பது அதே எலக்ட்ரான்கள். வைரத்தில் வெப்பத்தைச் சுமப்பது அணுக்களின் அதிர்வு. சுமக்கும் ஆள் வேறு, அதனால் பாதையும் வேறு.

அதே நாள், சாயங்காலம்

வைரம் யார் கையிலும் இல்லை என்பதால் கையில் இருக்கும் ஒன்று. தண்ணீர் சுடவைக்கும் ஹீட்டர் ராடு. வெளியே உலோகக் குழாய், உள்ளே சுருள் கம்பி, இரண்டுக்கும் நடுவில் இறுக்கி அடைத்த வெள்ளைத் தூள். மெக்னீசியம் ஆக்சைடு. கம்பியின் வெப்பம் முழுக்கத் தண்ணீருக்குப் போக வேண்டும், கம்பியின் மின்சாரம் கொஞ்சம்கூடப் போகக் கூடாது. இரண்டு வேலையையும் அந்தத் தூள் செய்கிறது. அந்த இடத்தில் நல்ல வெப்பக்காப்பை வைத்தால் கம்பி எரிந்துபோகும்.

பல வருடம் கிடங்கில் கிடந்த ஒரு ராடை மெக்கர் (மின்காப்பு எத்தனை நன்றாக இருக்கிறது என்று அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தபோது மிகக் குறைவாகக் காட்டியது. தூக்கிப் போடலாம் என்று முடிவுசெய்துவிட்டோம். என்னைவிட மூத்தவர் ஒருவர் தடுத்தார். மிதமான சூட்டில் ஒருநாள் முழுக்கக் காயவைத்தார். மறுநாள் மெக்கர் முள் மேலே ஏறிவிட்டது. தூள் ஈரத்தை இழுத்திருந்தது, வேறொன்றும் இல்லை. அன்றிலிருந்து எந்தக் காப்பைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது, இது நனைந்திருக்கிறதா என்பதுதான்.

7 பிப்ரவரி

இப்போது தெர்மாகோல் ஏன் சூட்டைத் தடுக்கிறது என்று பார்ப்போம். கண்ணாடித் தகட்டுக்கு எண் 1. அதே கண்ணாடியை இழையாக்கிப் பஞ்சாக்கினால் 0.04க்கும் கீழே வந்துவிடும். பொருள் மாறவில்லை. நடுவில் காற்று வந்தது. அசையாத காற்றுக்கு 0.026. தெர்மாகோலில் 95 சதவீதத்துக்கு மேல் காற்றுதான். அதன் எண் 0.035 பக்கம். கிளாஸ்வூல் என்கிற இந்தக் கண்ணாடிப் பஞ்சு, ராக்வூல் என்கிற பாறை இழைப் பஞ்சு, கம்பளி, தக்கை எல்லாம் இந்த வட்டாரத்திலேயே நிற்கும். பாலியூரிதேன் நுரை புதிதாக இருக்கும்போது காற்றையும் தாண்டிக் கீழே போவது அதன் குமிழிகளில் வேறு வாயு இருப்பதால். ஏரோஜெல் என்று ஒன்று உண்டு, பெரும்பகுதி காற்றாலேயே ஆன திடப்பொருள். அதில் துளைகள் அத்தனை நுண்ணியவை. காற்று மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளவே இடம் போதாது. அதனால் 0.015 அளவுக்குக்கூட இறங்கும். 1931இல் சாமுவேல் கிஸ்ட்லர் செய்து காட்டியது அது.

வெப்பக்காப்பில் பொருளின் வேலை காற்றை நகரவிடாமல் பிடித்து வைப்பது மட்டும்தான். நகர்ந்தால் வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

காற்றின் இடத்தில் தண்ணீர் புகுந்தால்? தண்ணீருக்கு 0.6. காற்றைவிட 23 மடங்கு. குளிர்ந்த நீர் ஓடும் குழாயின் லேகிங்கை, அதாவது குழாயைச் சுற்றிப் போடும் வெப்பக்காப்பை, பிரித்துப் பார்த்திருக்கிறேன். உள்ளே கிளாஸ்வூல் பிழியப் பிழியத் தண்ணீர். வெளி உறையில் சின்னக் கிழிசல், அவ்வளவுதான். அதன் வழியாக ஈரக்காற்று போய்க்கொண்டே இருந்தது, குழாயைத் தொட்டதும் நீராகிக்கொண்டே இருந்தது. சூடான குழாயில் அதே கிழிசல் இருந்தால் ஒன்றும் ஆகாது. குளிர் குழாய் லேகிங்கில் ஆவி புகாத உறையே பாதி வேலை என்று அன்றுதான் புரிந்தது.

8 பிப்ரவரி

சத்தம். இதைக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும், ஏனென்றால் நானே இதில் பணமும் உழைப்பும் போட்டு ஏமாந்தவன்.

முதலில் எடைக்கணக்கு. சுவர் சத்தத்தைத் தடுப்பது பெரும்பாலும் எடையால். எடை இரண்டு மடங்கானால் சுமார் 6 டெசிபல் கூடுதலாகத் தடுக்கும். அரைச் செங்கல் சுவர் ஒரு சதுர மீட்டருக்கு 200 கிலோவுக்குக் குறையாது. அதன்மேல் நீங்கள் ஒட்டப்போகும் 50 மி.மீ. தெர்மாகோல் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கிலோகூட வராது. 200 கிலோவில் ஒரு கிலோ சேர்த்தால் காதுக்கு என்ன தெரியும்?

அதோடு போனால் பரவாயில்லை. நான் தெர்மாகோல் ஒட்டி அதன்மேல் மெல்லிய பூச்சும் பூசினேன். பக்கத்து அறைப் பேச்சு முன்பைவிடத் தெளிவாகக் கேட்டது. மனப்பிரமை என்று இரண்டு நாள் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். பிரமை இல்லை. பூச்சு ஒரு எடை, தெர்மாகோல் ஒரு ஸ்பிரிங், பின்னால் சுவர். ஸ்பிரிங்கில் கட்டிய எடைக்கு என்று ஒரு அதிர்வெண் உண்டு. அந்த அதிர்வெண் பேச்சுக்குரலின் வரம்புக்குள் விழுந்துவிட்டால், சுவர் அங்கே தடுப்பதை விட்டுவிட்டுக் கூடவே ஆடும். தெர்மாகோல் விறைப்பான ஸ்பிரிங் என்பதால் அப்படி விழ வாய்ப்பு அதிகம்.

9 பிப்ரவரி

இன்னொருவர் கேட்டது: "ஒலிப்பதிவு அறைகளில் சுவர் முழுக்க நுரை ஒட்டுகிறார்களே, அது எதற்கு?"

அது அறைக்குள் எதிரொலி குறைய. அடுத்த அறைக்குப் போகாமல் தடுக்க அல்ல. ஒலியை உறிஞ்சுவதும் தடுப்பதும் வேறு வேறு வேலை. 1895இல் ஹார்வர்டில் ஒரு விரிவுரை அறையில் பேச்சு புரியாத அளவுக்கு எதிரொலி. சரிசெய்யச் சொல்லி வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியரிடம் கொடுத்தார்கள். பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் எடுத்துவந்து அடுக்கி, ஆர்கன் குழாய் ஒன்றை ஊதி, ஒலி எத்தனை நொடியில் அடங்குகிறது என்று அளந்தார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய் வைக்க வேண்டும். அறை ஒலியியலே அப்படித்தான் தொடங்கியது. உறிஞ்சுவதற்கு அவர் வைத்த அளவுகோல் எது தெரியுமா? திறந்த ஜன்னல். திறந்த ஜன்னலில் பட்ட ஒலி திரும்பி வருவதே இல்லை, அதனால் அது முழு உறிஞ்சி.

அதே திறந்த ஜன்னல் சத்தத்தைத் தடுக்குமா? இந்த ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொண்டால் போதும், நுரை விஷயத்தில் யாரும் ஏமாற மாட்டார்கள்.

சரி, உறிஞ்சுவதற்காவது தெர்மாகோல் ஆகுமா என்றால் அதற்கும் ஆகாது. அதன் குமிழிகள் மூடியவை. ராக்வூலில் காற்று உள்ளே போய்வர வழி இருக்கிறது. ஒலி என்பது காற்றின் ஆட்டம். அந்த ஆட்டம் இழைகளோடு உரசி வெப்பமாகி அடங்குகிறது. மூடிய குமிழிக்குள் வெளிக்காற்று எப்படிப் போய் உரசும்?

9 பிப்ரவரி, இரவு வெகுநேரம்

எழுதி முடித்துப் படுத்த பிறகு ஒன்று தோன்றியது. குமிழி பற்றித்தான் எல்லாமே. உயர் மின்னழுத்தக் கேபிள் செய்கிறவர்கள் குமிழிக்குப் பயப்படுவதுபோல் வேறு எதற்கும் பயப்படுவதில்லை. பாலிஎத்திலீன் உறைக்குள் ஒரு தட்டையான காற்றுக்குமிழி மாட்டிக்கொண்டது என்று வையுங்கள். சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்கைவிட அந்தக் குமிழிக்குள் மின்புலம் 2.3 மடங்கு வரை கூடும். ஆனால் காற்றோ மில்லிமீட்டருக்கு 3,000 வோல்ட் அளவிலேயே உடைந்துவிடும். பிளாஸ்டிக் தாங்குவதில் அது சின்னப் பங்கு. அதனால் அந்தக் குமிழிக்குள் மட்டும் நுண்ணிய பொறி விழும். மாறுமின்னோட்டத்தின் ஒவ்வொரு சுற்றிலும் விழும். வருடக்கணக்கில் அரித்து அரித்து மரக்கிளை போல ஒரு பாதை வளரும். ஒருநாள் கேபிள் வெடிக்கும். மின்மாற்றிச் சுருளை வெற்றிடத்தில் வைத்துக் காற்றை உறிஞ்சிவிட்டு எண்ணெய் ஏற்றுவதும், மோட்டார் சுருளை வார்னிஷில் முக்குவதும் பெரிதும் இதற்காகத்தான்.

ஒரே காற்றுக்குமிழி. வெப்பத்துக்கு அது வேண்டும். ஒலிக்கு அது திறந்திருக்க வேண்டும். உயர் அழுத்த மின்சாரத்துக்கு அது இருக்கவே கூடாது. மூன்றுக்கும் ஒரே பொருள் என்பது ஏன் கைகூடுவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

11 பிப்ரவரி

"வெற்றிடம் இருக்கிறதே, அது மூன்றையும் தடுக்காதா?" நல்ல கேள்வி, மகிழ்ச்சியாக இருந்தது. தடுக்கும். 1660இல் ராபர்ட் பாயில் காற்றை வெளியேற்றிய கண்ணாடிக் கூண்டுக்குள் கடிகாரத்தின் சத்தம் அடங்குவதைக் காட்டினார். 1892இல் ஜேம்ஸ் டூவர் இரட்டைச் சுவர்க் குடுவை செய்தார், இன்றைய பிளாஸ்க் அதுதான். மின் நிலையங்களில் மின்சாரத்தைத் துண்டிக்கும் வெற்றிடப் பிரேக்கர்கள் சில மில்லிமீட்டர் இடைவெளியிலேயே பல ஆயிரம் வோல்ட்டை நிறுத்துகின்றன.

12 பிப்ரவரி

நேற்றையதற்குத் திருத்தம். வெற்றிடத்தில் வெப்பக் கதிர் தாராளமாகப் போகும், சூரிய வெப்பம் நமக்கு வருவதே அப்படித்தான். டூவர் குடுவைக்கு வெள்ளிப் பூச்சு அதற்காக. மின்சாரத்திலும் ஒரு விதிவிலக்கு உண்டு. உள்ளே ஒரு இழையைப் பழுக்கக் காய்ச்சினால் எலக்ட்ரான்கள் கிளம்பி வெற்றிடத்தில் பறக்கும். பழைய வானொலி வால்வுகள் அப்படித்தான் வேலை செய்தன. பாயில் கடிகாரத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டதையும் சொல்லாமல் விட்டேன். கட்டையாகத் தாங்கியிருந்தால் சத்தம் தாங்கி வழியாக வந்திருக்கும். பிளாஸ்க்கிலும் வெப்பம் போவது கழுத்து வழியாகவும் மூடி வழியாகவும்தான்.

13 பிப்ரவரி

நூல் என்றதும் ஸ்டீபன் கிரே நினைவுக்கு வந்தார். 1729. தேய்த்த கண்ணாடிக் குழாயிலிருந்து மின்சாரத்தை நீளமான சணல் கயிறு வழியாகத் தூரத்துக்கு அனுப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கயிற்றைத் தாங்கப் பட்டு நூல். மெல்லியதாக இருப்பதால்தான் பட்டு வழியாக மின்சாரம் கசியவில்லை என்று நினைத்தார்கள். நூல் பாரம் தாங்காமல் அறுந்தது. அதே அளவு மெல்லிய, ஆனால் வலுவான பித்தளைக் கம்பியைக் கட்டினார்கள். மின்சாரம் போய்ச் சேரவே இல்லை, எல்லாம் கம்பி வழியாகக் கசிந்துவிட்டது. விஷயம் பருமனில் இல்லை, பொருளில் இருக்கிறது என்று அன்று தெரிந்தது. ஒரு நூல் அறுந்ததில் கடத்தி வேறு, காப்பு வேறு என்ற பிரிவே பிறந்தது. இதை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சலிப்பதில்லை.

15 பிப்ரவரி

ஓட்டைகள் பற்றி. சுவர் 50 டெசிபல் தடுக்கும் என்று வையுங்கள். அதில் நூற்றில் ஒரு பங்கு பரப்பு திறந்திருந்தால், கதவுக்கு அடியில் இடுக்கு மாதிரி, மொத்தம் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. மீதிச் சுவரை எத்தனை கனமாகக் கட்டினாலும் அந்த 20ஐத் தாண்ட முடியாது. அதனால் உங்கள் அறையில் முதல் வேலை கதவு இடுக்கும் சுவிட்ச் பெட்டித் துளையும். பக்கத்து அறைக்கும் உங்களுக்கும் ஒரே சுவரில் முதுகோடு முதுகாகச் சுவிட்ச் பெட்டி இருந்தால் அங்கிருந்துதான் பேச்சு வருகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

வெப்பத்தில் ஓட்டை வேறு உருவத்தில் வரும். ராக்வூல் 0.04, இரும்பு 50. காப்பின் பரப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு இரும்பு போல்ட் ஊடுருவினால்கூடக் கணக்குப்படி போல்ட் வழியாகவே 0.05 வந்துவிடும். காப்பு முழுவதும் விடுவதைவிட அது அதிகம். மின்காப்பில் ஓட்டைக்குக் கணக்கே போட வேண்டாம். ஊசித்துளை விழுந்த ரப்பர் கையுறை கையுறையே இல்லை. அதனால்தான் அணிவதற்கு முன் ஒவ்வொரு முறையும் மணிக்கட்டிலிருந்து சுருட்டிக் காற்றை அடைத்து, எங்காவது கசிகிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள்.

16 பிப்ரவரி

பளபளப்பான அலுமினியத் தாள் ஒட்டிய பலகை கூரைக்கு நல்லதா என்று கேட்டிருக்கிறார்கள். நல்லது, தாளுக்கு முன்னால் காற்று இடைவெளி இருந்தால். கதிர்வீச்சை மட்டும்தான் அது தடுக்கும். பூச்சுக்குள் புதைத்துவிட்டால் அது வெறும் உலோகம், வெப்பத்தை நன்றாகவே கடத்தும்.

மின்சாரத்தையும் கடத்தும். 2009–10இல் ஆஸ்திரேலியாவில் அரசின் வீட்டுக்காப்புத் திட்டத்தில் வேலை செய்த நான்கு பேர் இறந்தார்கள். கூரைக்குள் அலுமினியப் படலத்தை உலோக ஸ்டேப்பிளால் அடிக்கும்போது மறைந்திருந்த வயரில் துளைத்தது அதில் ஒரு காரணம். மெயின் ஸ்விட்சை அணைக்காமல் யாரும் கூரைக்குள் ஏற வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன்.

18 பிப்ரவரி

"காப்பு எத்தனை தடிமனோ அத்தனை நல்லது" என்று ஒருவர் எழுதியதற்கு ஆமாம் என்று பதில் சொல்லியிருந்தேன். தப்பு. தட்டையான சுவருக்கு ஆமாம். மெல்லிய கம்பிக்கு இல்லை. கம்பிமேல் உறை போடும்போது வெளிப்பரப்பும் கூடுகிறது, காற்றுக்கு வெப்பத்தைக் கொடுக்கும் இடம் பெரிதாகிறது. நிற்கும் காற்றில் பி.வி.சி. உறையின் ஆரம் 15, 20 மி.மீ. வரும் வரை, உறை தடிக்கத் தடிக்கக் கம்பி குளிரும். வெறுங்கம்பியைவிட உறைபோட்ட வயர் குளிர்ச்சியாக ஓடுகிறது. கிளாஸ்வூலுக்கு இந்த எல்லை 4 மி.மீ. பக்கம் என்பதால் குழாய் லேகிங்கில் யாரும் இதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

அதே நாள்

அஸ்பெஸ்டாஸ் பற்றி எழுதக் கூடாது என்று இருந்தேன், ஆனால் மூன்றுக்கும் ஒரே பொருள் என்ற ஆசைக்கு அதுதான் மிக அருகில் வந்தது. சூடு, நெருப்பு, மின்சாரம், எதிரொலி என்று எல்லாவற்றுக்கும் அதைப் போட்டார்கள். இழை நுரையீரலில் தங்கிப் பல பத்தாண்டு கழித்துக் கொன்றது. பழைய குழாயில் சாம்பல் நிற லேகிங் பார்த்தால் கிழிக்காதீர்கள், தட்டாதீர்கள். தெரிந்தவர்களை அழையுங்கள்.

22 பிப்ரவரி

உங்கள் அறைக்கு நான் செய்வது: கூரைக்கு மட்டும் வெப்பக்காப்பு, முடிந்தால் கூரையின் வெளிப்பக்கம். கதவைச் சுற்றி ரப்பர் பட்டை. பக்கத்து அறைச் சுவரைத் தொடாமல் தனிச் சட்டம், நடுவில் ராக்வூல், முன்னால் இரண்டு அடுக்கு ஜிப்சம் பலகை, ஓரமெல்லாம் பசை நிரப்பி. வயர்கள் குழாய்க்குள், காப்புக்கு வெளியே.

1 மார்ச்

முதல் நாள் வயர் பற்றி எழுதியபோதே உறுத்தியது. ஒன்பது வருடத்துக்கு முன் நான் ஒட்டிய அந்தச் சுவரில் ஒரு வயர் தெர்மாகோலைத் தொட்டபடி ஓடுகிறது. இன்று காலை மெயினை அணைத்துவிட்டுப் பூச்சை உடைத்துப் பிரித்தேன். தெர்மாகோலில் வயரின் அச்சு அப்படியே பள்ளமாக விழுந்திருந்தது, விரல் வைத்தால் பிசுபிசுத்தது. வயரை மெல்ல வளைத்தேன். உறை மூன்று இடத்தில் வெடித்துச் செம்பு தெரிந்தது. வளைக்கும் முன் 500 வோல்ட் மெக்கரில் பார்த்தபோது எல்லாம் சரி என்றுதான் காட்டியது.

அந்த வரிசை முழுவதையும் கழற்றிவிட்டேன். புது வயர் நாளை குழாய்க்குள் போகிறது.